நட்சத்திர ஆமையும் அமைதிக் குழுவும்

எடப்பாடிப் பக்கம் ஒரு சின்ன உயிரினப் பூங்கா. அங்கே ஒரு நட்சத்திர ஆமை வயிற்றில் ஐந்து முட்டையோடு இருந்தது. அதற்குத் தீனி போடுகிறவள் சின்னாயி. மூன்று நாளாக ஆமை பின்னங்காலால் குழி தோண்டும். யாராவது முட்டை எண்ண வருவார்கள். பாதியில் விட்டுவிட்டு நகர்ந்துவிடும். நாலு பெற்றவளுக்குத் தெரியாதா? சின்னாயி கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

எண்ணச் சொன்னது புது அதிகாரி தீனதயாளன். கோழிப்பண்ணைப் பிரிவில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். முட்டை என்றால் அவருக்கு ஒரே படிவம்தான். 'அன்றாட முட்டை உற்பத்தி' என்ற கட்டத்தில் மூன்று நாளும் பூஜ்ஜியம் விழவே, கோழிக்குச் செய்வதையே இதற்கும் செய்தார்: கூண்டுக்கு மேலே பதினாறு மணி நேரம் எரியும் பல்பு. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கால்நடை மருத்துவர் கிருத்திகா வந்து பார்த்தார்.

"சார், இது கோழி இல்லைங்க. மூளையில ஊறுற ஒரு சுரப்பு ரத்தத்துல எறங்கோணும். வாசோடோசின்னு பேரு. அது வந்தாத்தான் முட்டைப்பை சுருங்கித் தள்ளும். பயந்துச்சுன்னா நரம்பே புடிச்சு நிறுத்திப்போடும். முட்டை உள்ளயே தங்குனா உசுருக்கு ஆபத்துங்க."

"நிறுத்தி வைக்க நரம்புக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"ஊசி இருக்குதுங்க, ஆனா அது கடைசி வழி. மொதல்ல அதுக்கு அமைதி வேணும்."

மருத்துவரே சொன்ன பிறகு அதிகாரி சும்மா இருப்பாரா? மேற்படி ஆமைக்கு அமைதி வழங்கும் பொருட்டுப் பதினோரு பேர் கொண்ட அமைதிக் குழு அமைக்கப்பட்டது. குழு கூண்டைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. "அமைதி காக்கவும்!" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒலிபெருக்கி அலறியது. குழுவின் துணைத் தலைவி கோகிலவாணி, இப்போதெல்லாம் இதுதானே வழக்கம் என்று ஆமைக்கு வளைகாப்பே நடத்திவிட்டார். கை வெளியே வராததால் வளையலை ஓட்டின் மேல் அடுக்கி ரீல்ஸ் எடுத்தார்கள்.

"ஏனுங்க சார், எல்லாரும் ஒரு எட்டு வெளிய போனா ஆகாதுங்களா?" என்றாள் சின்னாயி.

"நாங்க போயிட்டா அமைதியை யாரு பாத்துக்கறது, நீயா?"

சின்னாயி ஆமையைப் பார்த்தாள். கண் சொருகிக் கிடந்தது. விறுவிறுவென்று வாசல்வரை போனவள் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தாள்.

"சார்! மேல வெளக்கு வெச்ச வெள்ளைக் காரு ஒண்ணு திருப்பத்துல வருதுங்க!"

மேலிடத்து ஆய்வுதான்! குழு மொத்தமும் சால்வையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பறந்தது. வராத காருக்கு இரண்டு மணி நேரம் வரிசையாக நின்றது. ஒருவரும் அசையவில்லை, முதலில் அசைந்தவர் பேர் கெட்டுவிடுமல்லவா? சின்னாயி பல்பையும் ஒலிபெருக்கியையும் அணைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றாள். ஆமை மெல்லத் தலையை நீட்டியது. மண்ணைப் பறித்தது. ஒன்று, இரண்டு, மூன்று முட்டை.

"மிச்சம் ரெண்டும் நாளைக்கு எறங்கீருமுங்க," என்றார் கிருத்திகா. "இதே மாதிரி ஆளே இல்லாம இருக்கோணும்."

சேதி பரவியது. மறுநாள் விடிந்ததும் ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த பஸ்ஸெல்லாம் பூங்கா வாசலில் காலியாயின. பிள்ளைகுட்டி, சோற்று மூட்டை, தூக்கிப் பிடித்த செல்போன். சின்னாயி கேட்டை மறித்து நின்றாள்.

"ஏனுங்க, ஆரும் இல்லாதப்பத்தானுங்க அது முட்டை வெக்கும்!"

"தெரியும் சாமி," என்றார் முன்னால் நின்ற பெரியவர். "அதப் பாக்கத்தான் இத்தன பேரும் வந்திருக்கறோம். நீ கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது."