தலைவரை அதட்ட ஆள் இல்லை

கந்தப்பளை

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் கணேசமூர்த்தி அவர்களுக்கு, அழகுமுத்து எழுதிக்கொள்வது. இங்கே மழை, பனி, நான் மூவரும் நலம். பொல்பிட்டியவில் நீங்களும் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன்.

மச்சான், உங்கள் தங்கச்சி நிலக்ஷி கொழுந்து மலையில் பெண்களை வேலை வாங்கும் கங்காணி ஆனதிலிருந்து என் பிழைப்பு பாழாகிவிட்டது. வெளியே நான் தோட்டத் தலைவர், சங்கத்துக்காகத் தோட்டத்துத் துரையின் மேசையைத் தட்டிப் பேசுகிறவன். வீட்டுக்குள் கால் வைத்ததும், "செருப்ப வெளிய வைங்க, கால கழுவுங்க, தேத்தண்ணிய குடிச்சிட்டு வெறக பொளந்து போடுங்க!" என்று அவள் அதட்டுவாள். நான் "சரிங்க" என்பேன். கல்யாணமான புதிதில் இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஊருக்கே முடிவு சொல்லிக் களைத்து வருகிறவனுக்கு அது எவ்வளவு சுகம் தெரியுமா? என் முகம் கொஞ்சம் வாடினாலும் உடனே நிறுத்திவிடுவாள். இப்போதோ, சோறு வைக்கவா, ரொட்டி தட்டவா என்று கேட்டால் "ஒங்க இஷ்டம்" என்கிறாள். என் இஷ்டம் என்னவென்று எனக்கே தெரியாது மச்சான், அதை இத்தனை வருஷமும் அவள்தானே சொன்னாள்.

இதற்குள் கொழுந்து பறிக்கிற வீரம்மா, "தலைவரே, ஒங்க வீட்டுக்காரம்மா ரொம்ப அதட்டுறாங்க, கேட்டு வைங்க" என்று முறைப்பாடு கொண்டுவந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. கூடவே ஒரு யோசனை. அதே வாய், அதே சொல். மலையில் வீரம்மாவுக்குக் கசப்பது வீட்டில் எனக்கு ஏன் இனித்தது?

பார்த்துவிடுவோமென்று மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், பெண்களோடு வரிசையில் நின்றேன். நிலக்ஷி என்னைப் பார்த்து, "தலைவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றாள். இவ்வளவு மரியாதையாக அவள் என்னிடம் பேசியதே கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் நேராகவே கேட்டேன். "எம்மேல கோவமா?"

"கோவமில்லங்க. மலையில, பேர வெட்டி அன்னிக்குச் சம்பளத்த இல்லாமப் பண்ணிருவேனோன்னு பயந்துதான் நான் சொல்றத கேக்குறாங்க. நீங்க பயந்தா கேட்டீங்க? ஒங்களுக்குப் புடிச்சிருந்துச்சு. இப்ப வீட்டுலயும் எனக்கு அந்தக் கங்காணிக் கொரல்தான் வருது. அந்தக் கொரல்ல ஒங்கள அதட்ட மனசு வரல."

மலையில் அவளுக்கு அதிகாரம் கொடுத்தது தோட்டம். என்மேல் அதிகாரம் கொடுத்தது நான். நான் வேண்டாமென்றால் அந்த நொடியே அது இல்லை. சங்க மேடையில் தலைமையைப் பற்றி எவ்வளவோ முழங்கியிருக்கிறேன், இது தோன்றியதே இல்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை வந்து கங்காணி வேலையை விடும்படி அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் "ஒங்க இஷ்டம்" என்று விட்டாலும் விட்டுவிடுவாள், அப்புறம் வீட்டிலும் உத்தரவு போடுகிறவன் நானாகிவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மன் உங்கள் வீட்டு அடுப்பையும் விளக்கையும் அணையாமல் காக்கட்டும்.

தங்கள் மைத்துனன்,
அழகுமுத்து (தோட்டத் தலைவர்)

பி.கு.: நிலக்ஷி பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பிறகு மெதுவாக, "அதட்டவாங்க?" என்று கேட்டாள். "சரிங்க" என்றேன். "வேலைய நான் விடமாட்டேன்! அண்ணன வரவேணாம்னு எழுதுங்க. எழுதிட்டுக் கொடத்த எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போங்க!" கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் வர வேண்டாம் மச்சான். நான் தண்ணீருக்குப் போகிறேன்.