சீனுவாசன் சாரின் மீசையும் ஊதா நெருப்பும்

கொசுவில் எத்தனை வகை என்று கணக்கெடுக்க ஆள் இருக்கிறது. மனிதரில் 'ஒன்னும் ஆவாது' இனம் எவ்வளவு என்று கணக்கெடுக்கத்தான் இதுவரை யாரும் ஆள் போடவில்லை. போட்டாலும் பயனில்லை. கணக்கெடுக்க வருகிறவரே அந்த இனமாக இருந்து தொலைப்பார்.

இவர்களை நீங்கள் எங்கும் பார்க்கலாம். கேஸ் கசிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர், தேதி தாண்டிய மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கிவிட்டு 'பாதிதானே' என்பவர், ஈரக் கையோடு சுவிட்சைத் தட்டுபவர், ரயில் நிற்கும் முன்பே பிளாட்பாரத்தில் குதித்து, தடுமாறி ஓடி, ஏதோ அவசர ஜோலிக்காகத்தான் ஓடியதுபோல் பையைச் சரிசெய்துகொள்பவர், எல்லாரும் ஒரே கூட்டம். ஊர் வேறு, சாதி வேறு, சம்பளம் வேறு. மந்திரம் மட்டும் ஒன்று.

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் சீனுவாசன் சாரைப் பாருங்கள். விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனத்தில் மேற்சொன்னபடி குதிப்பவர். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பள்ளியின் பெயர் வேண்டாம், பாவம். ஆளுக்கு முன்னால் மீசை வகுப்புக்குள் வரும். தினமும் தேங்காயெண்ணெய் தடவி, சீவி, நுனியை முறுக்கி வளர்த்த மீசை. பிள்ளைகள் அதற்கும் சேர்த்துத்தான் வணக்கம் சொல்வார்கள்.

அவருடைய ஆய்வகத்து அலமாரியை ஒரு தரம் திறந்து பார்க்க வேண்டும். மரப் பலகை, அதன்மேல் பழைய செய்தித்தாள், அதன்மேல் பொட்டாசியம் பர்மாங்கனேட் ஜாடி. கண்ணாடி மூடி எப்போதோ உடைந்துவிட்டதால் வாய்க்குக் காகிதம் கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். ஜாடிக்குத் தோழன்போலப் பக்கத்தில் கிளிசரின் பாட்டில். அது சாருடைய குதிகால் வெடிப்புக்கு. மூலையில் நெருப்பு வாளி. அதில் மணல் இருக்க வேண்டும். இருந்தது சார் கொறித்துப் போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல்.

ஒரு வேதியியல் ஆசிரியருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். ஏன் தெரியாது? பர்மாங்கனேட் ஓர் ஆக்சிஜனேற்றி, அது தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும், எண்ணெய், சர்க்கரை, காகிதம், கிளிசரின் எதுவும் அதன் அருகே வரக்கூடாது என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, தேர்விலும் கேட்டு, எழுதாதவனுக்கு மதிப்பெண்ணும் குறைப்பார். பாடம் பாடத்தோடு, அலமாரி அலமாரியோடு. ஊருக்குத்தான் உபதேசம்.

மரக்காணம் பக்கத்துப் பள்ளியிலிருந்து தேவகி டீச்சர் மாற்றலாகி வந்தபோதுதான் ஜாடிக்கும் பாட்டிலுக்குமான இந்த நட்புக்குச் சோதனை வந்தது. அவரும் வேதியியல்தான். வந்த முதல் வாரமே ஜாடிக்கு இறுக்கமான மூடி வேண்டும், காகிதத்தின் மேல் வைக்கக்கூடாது, இரும்பு அலமாரியில் தனியாக இருக்க வேண்டும், பையன்கள் மிச்சம் வைத்ததைத் திரும்ப ஜாடியில் கொட்டக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சார் பொறுமையாகக் கேட்டார். மீசையைத் தடவினார்.

"இன்னா டீச்சர், நான் வந்த நாளா அதுங்க ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்துக்கினு இருக்குது. ஒன்னும் ஆவாது."

இதுதான் இந்த இனத்தின் தர்க்க சாஸ்திரம். நேற்று விழாத சுவர் இன்று எப்படி விழும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

சாருக்கு அப்போது மனசெல்லாம் வேறிடத்தில். மகள் ஆர்த்திக்கு ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வெற்றிச்செல்வன், கெடார் கிராமத்துப் பெரியதம்பியின் மகன். இருவரும் கல்லூரியிலேயே ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கொஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். பெரியதம்பி நல்ல விவசாயி, நல்ல மனுஷர், ஆனால் சகுனப் பைத்தியம். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டவர், பல்லி கத்தியது என்று தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டாராம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஆர்த்தியின் முகம் சுருங்கிவிடும்.

நிச்சயத்துக்கு முந்தைய வாரம் பள்ளியில் ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சார் அலமாரியை ஒழிப்பார். பாட்டில்களை எல்லாம் துடைத்து, மேசையில் புதுச் செய்தித்தாள் விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். பொட்டு எங்கே வைப்பது? லேபிளின் மேல்தான். அங்கேதான் எடுப்பாகத் தெரிகிறது. பூஜை முடிந்தால் கந்தக அமிலமும் காய்ச்சி வடித்த நீரும் ஒரே முகம்.

பர்மாங்கனேட் ஜாடிக்குக் காகித மூடி அழகாயில்லை என்று கழற்றினார். கொஞ்சம் படிகம் சிந்தியது. அதன் அருகே கிளிசரின், அதையொட்டிப் பொரி, சர்க்கரை, சூடம். தள்ளி வைக்கச் சொல்லி தேவகி டீச்சர் கிட்டே போனார். சார் கையை உயர்த்தி, இன்றைக்குச் சாமி காரியம், சாமியே பார்த்துக்கொள்ளும் என்றுவிட்டார். பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கதம்ப மாலையைச் சாத்தினார். மாலையின் கனத்தில், சரியாக மூடாத கிளிசரின் பாட்டில் மெல்லச் சாய்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. கிளிசரினுக்கு என்ன அவசரம்? அது தேன்போல நிதானமாகச் செய்தித்தாளில் நடந்து, சிந்திய படிகங்களிடம் போய்ச் சேர்ந்தது.

தலைமையாசிரியர் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் சரஸ்வதிக்கு முன்னால் தானாகப் புகை எழுந்தது. தலைமையாசிரியர் பரவசமாகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற ஆசிரியர்களும் போட்டுக்கொண்டார்கள். பூஜைக்கு வந்த புண்ணியம் அன்றைக்கே கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் திருப்தி.

கன்னத்தில் போட்டுக்கொள்ளாதவர் தேவகி டீச்சர் ஒருவர்தான். "சார், பின்னால வாங்க" என்றார்.

சாருக்குப் புரிந்துவிட்டது. கரும்பலகையில் எழுதியதெல்லாம் ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? "ஒன்னும் ஆவாது டீச்சர்" என்றபடி அதை ஊதி அணைக்கக் குனிந்தார்.

குப்பென்று பிடித்தது, ஊதா நிறத்தில். தேவகி டீச்சர் பூஜைக் குடத்துத் தண்ணீரை மாவிலையோடு அப்படியே கவிழ்த்தார். நெருப்பு அடங்கியது. பிள்ளைகள் வெளியே பொரிக்கு வரிசையில் நின்றதால் யாருக்கும் காயமில்லை. சாருக்கும் உதட்டோரம் லேசான சிவப்பு மட்டும். ஆனால் எண்ணெய் தடவி வளர்த்த மீசையில் இடது பக்கம் காணோம். சரஸ்வதி மட்டும் சிரித்த முகமாகவே இருந்தாள்.

பாதி மீசையோடு எந்த மனிதன் நடமாட முடியும்? மீதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் வயசான அப்பா அம்மா உள்ள ஒருவர் திடீரென்று மீசையை எடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா நடராசன் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு, தான் இன்னும் உயிரோடுதான் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு மகனோடு பேசவில்லை.

ஆர்த்தி அழுதாள். பெரியதம்பி வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார் என்று அழுதாள். ஒன்னும் ஆவாது என்று சொல்ல வாயெடுத்த சாருக்கு, முதல் தடவையாக அந்தச் சொல் வரவில்லை.

நிச்சயத்தன்று விழுப்புரம் மண்டபத்தில் எல்லாம் அவர் பயந்தபடியே நடந்தது. வரிசைத் தட்டோடு வந்த பெரியதம்பி சாரின் முகத்தைப் பார்த்தார். நின்றுவிட்டார். பின்னால் வந்த தட்டுகளும் நின்றன.

"எப்பங்க நடந்துது? ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே. தீட்டு வீட்ல எப்படிங்க தட்டு மாத்துறது?"

"யாருக்குப்பா தீட்டு? அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார் நடராசன் நாற்காலியிலிருந்து.

அப்படியானால் மீசை எங்கே? திருப்பதி வேண்டுதல் என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். தலைமுடியை விட்டுவிட்டு மீசையை மட்டும் கேட்கிற சாமி எது என்று பெரியதம்பியின் அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். சார் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் இனி ஓடாது.

அத்தனை பேர் முன்னால், அலமாரி, காகித மூடி, கிளிசரின், மாலை, ஊதியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேங்க. ஆயிடுச்சி" என்றார்.

பெரியதம்பி தட்டை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அட, இதுக்கா? நான் பயந்தே போயிட்டேன் சம்மந்தி. எங்கூட்டு மோட்டார் கொட்டாயில வந்து பாருங்க. கெணத்துக்குப் போடற பிளீச்சிங் பவுடர் மூட்ட மேலதான் டீசல் கேன ஏத்தி வச்சிருக்கேன். பக்கத்துலயே உக்காந்துதான் பீடியும் புடிப்பேன். ஒன்னும் ஆவாது."

எல்லாரும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. பிளீச்சிங் பவுடரும் பர்மாங்கனேட் மாதிரியே பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும் என்று அவருக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் தன் வாயால் சொன்ன மந்திரத்தை அன்றுதான் இன்னொருவர் வாயால் காது கொடுத்துக் கேட்டார். அந்த வீட்டுக்குத்தான் மகள் போகப் போகிறாள். மீசை இருந்த இடம் எரிந்தது.

தட்டு மாற்ற நேரமாகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். பெரியதம்பி தட்டை நீட்டினார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல ஊட்டுக்கு ஒரு போன் போடுங்க சம்மந்தி. அந்த டீசல் கேன எடுத்து வேற எடத்துல வக்கட்டும். அப்பறம் மாத்திக்கலாம்."

நகை கேட்டு நின்ற நிச்சயம் உண்டு, கார் கேட்டு நின்ற நிச்சயம் உண்டு. டீசல் கேனுக்காகப் பெண் வீட்டார் நிறுத்தியது அந்த மண்டபத்தில் அதுதான் முதல் தடவை. ஆர்த்தி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பெரியதம்பி முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். எடுத்து வைத்தாயிற்று என்று கெடாரிலிருந்து பதில் வந்த பிறகுதான் தட்டு கை மாறியது.

நன்றாகச் சிரித்துவிட்டீர்களா? இப்போது எழுந்துபோய் உங்கள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் பாருங்கள். பிளீச்சிங் பவுடரும் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இரண்டும் கலந்தால் கிளம்புகிற வாயுவில் உங்கள் வீட்டில் யாரும் மூச்சுவிட முடியாது. அது கிடக்கட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? நல்லது. மீசை இருந்தால் ஒருமுறை ஆசையாகத் தடவிக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் புருவத்தை.