பொன்னுருக்கில் வெடித்த மணி

வீட்டில் முதலாவதாகப் படித்தவனிடம் ஒன்றையும் நம்பிச் சொல்லக்கூடாது. சந்தேகப்படுவதுதான் விஞ்ஞானம் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். எழுபதுகளில் பருத்தித்துறைப் பக்கம் அப்படி ஒருவன் இருந்தான். ஐயாவும் அண்ணைமாரும் கடலுக்குப் போய்ச் சம்பாதிக்க, அவன் மட்டும் விஞ்ஞானம் படித்தான். (நான்தான்.)

அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கலியாணத்துக்கு வந்தவர், கானா நாட்டில் வாங்கிய நீலக் கண்ணாடி மணிக்கோவை ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தனுப்பினார். எல்லாரும் மணியைப் பார்த்தார்கள். நான் ஓட்டையைப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. எவளோ போட்டுக் கழற்றிய அழுக்கு. அத்தானுக்கு அங்கே ஒரு பெண்சாதி இருக்கிறாள் என்று அப்போதே முடிவுகட்டினேன்.

நைசாக அவரிடம் விசாரித்தேன். பழைய போத்தல்களை இடித்துப் பொடியாக்கி, களிமண் அச்சின் குழிகளில் நிரப்பி, நடுவில் மரவள்ளி இலைக்காம்பைக் குத்திச் சூளையில் வைப்பார்களாம். பொடி உருகி ஒட்டும்போது காம்பு எரிந்து, அந்த இடம் ஓட்டையாகுமாம். உள்ளே இருப்பது அந்தச் சாம்பலாம். மரவள்ளிக் காம்பு கண்ணாடியில் ஓட்டை போடுவதா? இவ்வளவு விபரமாகச் சொல்கிறாரே என்று சந்தேகம் இரட்டித்தது.

அவர் சொன்னது மெய்யா என்று செய்தே பார்த்துவிட நினைத்தேன். சோடாப் போத்தலை அம்மாவின் உரலில் இடித்தேன். (பிறகு கனகாலம் எங்கள் வீட்டு மிளகாய்த்தூளை ஒருவரும் தொடவில்லை.) ஆனால் குசினி அடுப்பில் பொடி பொடியாகவே கிடந்தது. துருத்தி வைத்த உலை வேண்டும்.

அந்தக் கிழமைதான் பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை நல்லநேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பத்தர் உருக்கும் சடங்கு அது. புதிதாகப் பிசைந்து, பொடி நிரப்பிக் காம்பு குத்திய அச்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானும் போனேன். துருத்தி ஊதித் தருகிறேன் என்று பத்தருக்குப் பக்கத்தில் இடம்பிடித்தேன். அத்தானின் தாய், மாமி, என்னை நல்ல பெடியன் என்று மெச்சினார். பத்தர் மூசைக் கிண்ணத்தில் பொன்னைப் போட, எல்லாரும் கண்மூடிக் கும்பிட்டார்கள். நான் அச்சைக் கரிக்குள் செருகினேன்.

ஈரக் களிமண் நெருப்பில் வெடிக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. (இருந்திருக்கலாம்.) கரி பறந்தது. மூசை சரிந்து பொன் சாம்பலுக்குள் ஓடியது. உடைந்த களிமண்ணும் கண்ணாடித்தூளும் கருகிய காம்பும் மாமியின் காலடியில் போய் விழுந்தன.

"உது செய்வினை. கலியாணத்தை நிப்பாட்டுங்கோ" என்றார் மாமி.

அக்கா எங்கள் வீட்டில் கூறைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"செய்வினை இல்லை மாமி. அத்தானுக்கு அங்கை ஒரு மனுசி இருக்கோ எண்டு சோதிச்சுப் பாத்தனான்."

செய்வினை என்றே விட்டிருக்கலாம். அத்தான் குனிந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அச்சை முதல்லை சுட்டுப்போட்டெல்லே மச்சான் பொடி நிரப்பவேணும். உதை நான் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகனைக் காட்டினார். "இவனுக்கு இஞ்சை ஒரு பொம்பிளை எடுக்கவே நான் நாயாப் பேயா அலைஞ்சனான். அங்கை ஆரடா குடுப்பினம்?"

முதலில் சிரித்தவர் பத்தர். பிறகு சாம்பலைக் கிளறிப் பொன்னை எடுத்து, நல்லநேரம் முடியமுன் மறுபடி உருக்கினார். துருத்தியை அத்தானே ஊதினார்.

கலியாணம் நடந்தது. அக்காவின் ஆண்பிள்ளைகளின் பொன்னுருக்குகளுக்கும் எனக்கு முறையாக அழைப்பு வந்தது. கதிரை மட்டும் படலைக்கு வெளியே, தெருவோரத்தில் போட்டிருப்பார்கள். மாமி தடியூன்றி வந்து என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் அதிலும் குந்தலாம்.