டிஞ்சரம்மாவின் ஃபஸ்ட் சரக்கு

உலகத்தில் டாக்டர்கள் நோயாளியைத் தேடுவார்கள். எங்கள் டிஞ்சரம்மா நோயில்லாதவளைத் துரத்துவார். நல்ல உடம்போடு ஒரு பெண் ஆம்பூர் தெருவில் நிம்மதியாக நடக்க முடியாமல் செய்த ஒரே ஆள் அவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. பத்து விரலிலும் டிஞ்சர் அயோடின் கறை, அதனால் டிஞ்சரம்மா. நான் அவரிடம் நர்ஸ். தினம் ஒரு சண்டையாவது போடாமல் நாங்கள் கதவைப் பூட்டியதில்லை.

அவருக்கு ஒரே வெறி. கர்ப்பப்பை வாயில் வருகிற புற்றை, அது வலி காட்டுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் முற்றி, வாடை அடித்த பிறகு மாட்டு வண்டியில் வந்தவர்கள். தோல் நாற்றத்தில் பிழைக்கிற ஊர். பெண்டாட்டி உடம்பில் அடிக்கிற நாற்றம் மட்டும் அந்த ஆண்களின் மூக்குக்கு எட்டாது.

சீமைப் பத்திரிகையில் ஒரு வழி படித்தார். கர்ப்பப்பை வாயில் அயோடின் தடவினால் நல்ல சதை பழுப்பாகும். கறை ஏறாமல் வெளுத்து நிற்கிற இடத்தில் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நோவில்லாதவள் எதற்கு வருவாள்?

பேரணாம்பட்டில் ஒரு நிக்காஹுக்குப் போனோம். பிரியாணி தேக்சாவைத் திறந்தார்கள். டிஞ்சரம்மா பெண்கள் பக்கத்தையே பார்த்து, "இன்னா நல்ல உடம்புங்கடி எல்லாம்" என்று பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளையின் அம்மாவைப் பிடித்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்களே."

"அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரிக்கி வாங்க."

எங்களுக்கு இலை கிடைக்கவில்லை.

"நோவு இல்லாதவள வான்னா எவ வருவா? நானே வரமாட்டேன்" என்று வண்டியில் கத்தினேன்.

"நீதான் மொதல்ல மேசை ஏறணும் மரியா. நாப்பது வயசு, நாலு புள்ள."

"நான் வெளக்கு புடிக்கிறவ" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வழியைத் திறந்தவள் பீபிஜான். தோல் பதனிடுகிற டேனரியில் சரக்கைத் தரம் பிரிக்கிற மேஸ்திரியின் மனைவி. கைக்காயத்துக்குக் கட்டுப் போட வந்தவளிடம் டிஞ்சரம்மா தன் பாட்டை ஆரம்பித்தார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"இது இன்னா பெரிய சங்கதி? தோல்ல ஆவாரம்பட்டைச் சாறு ஏறாத எடம் வெளுத்து அழுகிப் போவும். எங்க வூட்டுக்காரரு தெனம் அதத்தான பாக்குறாரு" என்றாள். தானே மேசையில் ஏறிப் படுத்தாள். முழுக்கப் பழுப்பு.

"அப்ப நான் ஃபஸ்ட் சரக்கா?"

"ஃபஸ்ட் சரக்கு."

மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள், தரம் போடச் சொல்லி. தோல் கட்டுக்கு முத்திரை குத்துவதுபோல எங்களுக்கும் வேண்டும் என்றாள் ஒருத்தி. டிஞ்சரம்மா அவள் கையில் அயோடினால் ஒரு பொட்டு வைத்தார். ஒரு மாமியார் பொட்டு அழியாமலிருக்க மூன்று நாள் குளிக்கவில்லை. மருமகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "பொம்பள இன்னா ஆட்டுத்தோலா?"

"ஆட்டுத்தோலாவே இருக்கட்டும். ஆள் வருதில்ல?" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வெளுத்திருந்தவள் கையிலும் அதே பொட்டுதான் வைப்பார். வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒருநாள் வரிசையில் நின்றவர்கள் என் கையைப் பார்த்துவிட்டார்கள். "நர்ஸம்மாவுக்கு பொட்டே இல்லியே" என்றாள் பீபிஜான். "செகண்ட் சரக்கோ இன்னமோ."

சிரித்தார்கள். விளக்கை அவள் கையில் திணித்துவிட்டு, கோபத்தில் மேசை ஏறினேன்.

டிஞ்சரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். துளி கிள்ளிச் சீசாவில் போட்டார். பிறகு "கைய நீட்டு" என்று பொட்டு வைத்தார். அது வட்டமாக வராமல் கோடாக இழுத்துக்கொண்டது.

பட்டணத்திலிருந்து முடிவு வந்தது. அதேதான், ஆனால் ஆரம்பம். அவரே ஆபரேஷன் செய்தார். கண் விழித்தபோது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன்.

"நான் இன்னா சரக்கும்மா?"

"கழிச்சுக்கட்ன சரக்கு. எவனும் வாங்கமாட்டான்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கூடவே கெட."

அவரிடம் நான் எதிர்த்துப் பேசாமல் விட்டது அந்த ஒரு பேச்சைத்தான்.