வெறுங்கையோடு முன்னால் போனவன்

போமாயின் மூக்கு சந்தை வாசல் சேற்றில் புதைந்திருந்தது. முதுகின் மேல் ஒரு முழங்கால் இருந்தது. முழங்காலுக்கு மேல் ஒரு காவலாள் இருந்தான். காவலாள் நல்ல கனம்.

"இவன் உன் ஆளாம்மா?" என்று காவலாள் லோனியாவைக் கேட்டான்.

லோனியா போமாயின் மனைவி. இவர்களுக்குக் கல்யாணமாகி, மகளுக்கும் கல்யாணமாகி, மகளுக்கு மகளும் பிறந்துவிட்டாள். உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் யோசித்தாள். நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் தொங்கவிட்டிருந்த பெரிய பின்னல் பையை ஒரு தரம் உலுக்கிச் சரி செய்துகொண்டாள்.

"மூஞ்சியக் கொஞ்சம் திருப்புங்க, பார்த்துச் சொல்றேன்."

காவலாள் திருப்பினான்.

"ஆமா, எங்க வீட்டு ஆளுதான். விட்டுடுங்க. கெட்டவன் இல்ல, பார்க்கத்தான் அப்படி."

காவலாள் எழுந்து, தன் பக்க நியாயத்தைச் சொன்னான். இந்த ஆள் கூட்டத்துக்குள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். விற்கக் கையில் ஒன்றும் இல்லை. வாங்கப் பையும் இல்லை. ஒவ்வொருத்தர் இடுப்பையும் ஒவ்வொருத்தர் பையையும் முறைத்து முறைத்துப் பார்த்தான். அடிக்கடி சட்டென்று திரும்பினான். மோர்ஸ்பி நகரத்தில் ஒரு திருடன் எப்படிச் சந்தைக்குள் நுழைவான் என்று படம் வரையச் சொன்னால் இப்படித்தான் வரைவார்கள். அதுவும் திருடனாக இருந்தால் கொஞ்சம் சிரித்த முகமாக வருவான்.

"நான் காவலுக்கு வந்தவன்" என்றான் போமாய், மண்ணைத் துப்பிவிட்டு.

"யாருக்குக் காவல்?"

"என் பொண்டாட்டிக்கு."

காவலாள் லோனியாவைப் பார்த்தான். சோளக்கதிர், வேர்க்கடலை, அதற்கு மேல் இரண்டு பூசணிக்காய். அந்தப் பாரத்தில் அவள் பாதியாக மடிந்து நின்றாள். காவலாள் தன் முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று போமாய்க்குத் தோன்றியது.

இதெல்லாம் பக்கத்து வீட்டு டிபோராவால் வந்தது. டிபோராவின் பணப்பையைப் பஸ் நிறுத்தத்தில் எவனோ பறித்துக்கொண்டு ஓடினான். அவள் தலையில் பாரம். திரும்பக்கூட முடியாமல் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. அவள் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்ற அன்று போமாய்க்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தது லோனியாதான் என்று அவனுக்கு ஒரு பயம். அதில் நடிப்பு எதுவும் இல்லை. நிஜமாகவே பயம்.

அதனால் ஆயுதம் தேட ஆரம்பித்தான். துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று ஒரு பங்காளி சொன்னான். அது முன்வாசலில் வந்தால் நான் பின்வாசலில் போகிறேன் என்றாள் லோனியா. போமாய்க்கும் அது வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கி என்ன செய்யும் என்று பார்த்துவிட்டுத்தான் இருவரும் மலையை விட்டு இறங்கி மோர்ஸ்பிக்கு வந்திருந்தார்கள். அவளுடைய அண்ணன் அங்கேயே புதைந்திருக்கிறான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வெட்டுக்கத்தி எடுத்துப் போனான். பஸ்காரன் ஏறும்போதே பிடுங்கி, இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள் என்றான். இறங்கும்போது ஞாபகம் வரவில்லை. கத்தி பஸ்ஸோடு போனது. பிறகு மிளகாயை அரைத்துத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் அடைத்து, வீட்டுக்குள்ளேயே அடித்துப் பார்த்தான். ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. பேத்தி, பூனை, போமாய் மூவரும் அழுதார்கள். லோனியா வெளியே நின்று, திருடன் வந்தால் ஜன்னலோரம் உட்காரச் சொல்லலாம் என்றாள். அவள் அப்படித்தான்.

கடைசியில் முன்னோர்கள் வழிதான் வழி என்று முடிவு செய்தான். மலைப்பாதையில் ஆண் முன்னால் போவான், வெறுங்கையோடு. எதிரி வந்தால் சண்டை போடக் கை காலியாக இருக்க வேண்டும். பெண் பின்னால் வருவாள், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு. இது சோம்பேறித்தனம் இல்லை என்று மலைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரைக் கேட்டாலும் என்றால், ஆண்களில் யாரைக் கேட்டாலும்.

கூடவே ஒரு சட்டமும் போட்டான். நடக்கும்போது லோனியா பேசக் கூடாது. பேசினால் எதிரியின் காலடிச் சத்தம் இவன் காதில் விழாது.

இதில் ஒரே ஒரு சிக்கல் லோனியாவின் கழுத்து. மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே கழுத்தில் வலி, வலது கை மரத்துப்போகிறது. இனி நெற்றியில் பாரம் தொங்கவிட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் கண்டித்திருந்தாள். பாரம் தூக்காவிட்டால் சந்தை இல்லை. இரண்டு வாரம் போகாவிட்டால் அவள் பாய் விரிக்கும் இடத்தில் வேறொருத்தி விரித்துவிடுவாள். பாதியை நீ தூக்கு என்று அவள் கேட்டாள். அப்புறம் எந்தக் கையால் உன்னைக் காப்பாற்றுவது என்று போமாய் கேட்டான். அவள் பட்டையை எடுத்து நெற்றியில் மாட்டிக்கொண்டாள். போமாய் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படி நினைத்தான்.

சரி, சந்தைக்கு வருவோம். லோனியா பாயை விரித்தாள். சோளக்கதிரை அடுக்கினாள். வலது கையை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி, உயிர் வரவைத்தாள். போமாய் பக்கத்தில் நின்று மணி பார்க்கக் கால்சட்டைப் பையில் கைவிட்டான். போன் இல்லை.

எல்லாப் பையிலும் தேடினான். சட்டையை உதறினான். காவலாள்தான் எடுத்துவிட்டான், தரையில் அழுத்தும்போதே எனக்குச் சந்தேகம் என்றான்.

"அவர் எடுக்கல" என்றாள் லோனியா, கடலைக் கட்டைப் பிரித்துக்கொண்டே. "பஸ் விட்டு இறங்கினோம்ல, அங்கயே போயிடுச்சு. மஞ்சக் கால்சட்டைக்காரன். நீ முன்னால முறைச்சுக்கிட்டுப் போன, அவன் பின்னால வந்து நோகாம எடுத்துட்டான்."

"நீ பார்த்தியா?"

"உனக்குப் பின்னாலதானே வர்றேன். எல்லாம் தெரியும்."

"பிடிக்க வேண்டியதுதானே?"

"எந்தக் கையால? ரெண்டும் பட்டையில இருக்கு."

"வாய் சும்மாதானே இருந்துச்சு?"

"சும்மாதான் இருந்துச்சு" என்றாள். "நீ போட்ட சட்டம்."

போமாய் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு சோளக்கதிரை எடுத்து உரித்தான். விற்கிறதை உரிக்காதே என்று அவள் சொன்னாள். கீழே வைத்தான். அவனுக்குப் போன் போனது பெரிதாகப் படவில்லை. அந்தக் கை அவன் பைக்குள் போனதும் வந்ததும் தனக்குத் தெரியவேயில்லை என்பதுதான் உள்ளே குத்தியது. அந்தக் கையில் கத்தி இருந்திருந்தால்? அது லோனியாவின் பக்கம் போயிருந்தால்? அவன் முன்னால் முறைத்துக்கொண்டே வீடுவரை போயிருப்பான்.

லோனியா அதைப் பார்த்தாள். அவனைத் திட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. திட்டவில்லை. குரலை இறக்கிக்கொண்டு, உன் யோசனை நல்ல யோசனைதான் என்று ஆரம்பித்தாள். போமாய் சந்தேகத்தோடு நிமிர்ந்தான். மலையில் எதிரி முன்னால்தான் வருவான், பாதை ஒன்றுதானே என்றாள். இங்கே பின்னால் வருகிறான். அப்படியென்றால் சண்டைக்காரன் எங்கே இருக்க வேண்டும்?

"பின்னால" என்றான் போமாய்.

"நானும் அதான் நினைச்சேன். நீயே சொல்லிட்ட. ஆனா பின்னால வெறுங்கையோட வந்தா மறுபடியும் உன்னைத் திருடன்னு சேத்துல அமுக்குவாங்க. அதான் யோசனையா இருக்கு."

போமாயும் யோசித்தான். அவனுக்கு யோசிக்க நேரம் கொடுத்துவிட்டு அவள் கடலை விற்றாள். இரண்டு பெண்கள் வாங்கிப் போனார்கள். மூன்றாவது பெண் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது போமாய் தொடையைத் தட்டினான். பையைத் தான் தூக்கிக்கொண்டு வந்தால் எவனும் சந்தேகப்பட மாட்டான். ஏதோ கூலிக்காரன் என்று நினைப்பான். பதுங்கிப் பாய்வது. அவன் அப்பா காலத்தில் அப்படித்தான் சண்டை போட்டார்கள்.

"அய்யோ, வேணாம்" என்றாள் லோனியா. "ஆம்பள நெத்தியில பட்டையா? நாலு பேரு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இது தந்திரம். உனக்குப் புரியாது."

புரியவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

மத்தியானம் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. திரும்பும்போது பை காலியாக இருக்கும் என்று போமாய் கணக்குப் போட்டிருந்தான். லோனியா வீட்டுக்குச் சாமான் வாங்கினாள். அரிசி மூட்டை, எண்ணெய், மீன் டப்பாக்கள். பிறகு மலையிலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கும் பெண்ணிடம் உட்கார்ந்துவிட்டாள். சின்னக் கிழங்காக எடு என்றான் போமாய். சின்னது சீக்கிரம் வாடிவிடும் என்று பெரியதாகவே பொறுக்கினாள். இரண்டு பெண்கள் சேர்ந்து பையை அவன் நெற்றியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியதும் அவன் கழுத்துக்குள் ஏதோ மடங்குகிற மாதிரி இருந்தது.

"கனமா இருக்கா?" என்றாள் லோனியா.

"இதென்ன கனம்."

பத்தடி போனதும் அவனுக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பட்டையை மாட்டிக்கொண்டால் தரையைத் தவிர வேறெதுவும் தெரியாது. முகங்கள் இல்லை. கால்கள் மட்டும். செருப்பு, வெறுங்கால், பாக்குத் துப்பிய சிவப்பு, குட்டை, மறுபடி செருப்பு. இப்படியா இத்தனை வருஷம் இவள் ஊரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்? கேட்க வாயைத் திறந்தான். மூச்சு மட்டும்தான் வந்தது.

லோனியா முன்னால் போனாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு. கீரைக்காரியிடம் பேசினாள், காவலாளிடம் பேசினாள், பேத்திக்கு மிட்டாய் வாங்கினாள். அவளுக்கு இத்தனை உயரம் உண்டு என்பது போமாய்க்கே மறந்துபோயிருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு முன்னால், பக்கத்தில் சாக்கடை ஓடுகிற இடத்தில், போமாய் அந்தக் கால்களைப் பார்த்தான். வார் அறுந்து கம்பியால் கட்டிய செருப்பு. கிழங்குக் கடையிலும் இதே செருப்பு நின்றது. மருந்துக் கடை முனையிலும் நின்றது. இப்போது அவன் இடுப்புக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காது.

"லோனியா" என்றான் மெதுவாக. "கம்பி கட்டின செருப்பு. கடையிலேர்ந்தே நம்ம கூட வருது."

"எதாவது ஆச்சுன்னா பையப் போட்டுட்டு ஓடிடு. என்ன?" என்றாள். ஓடுவதா? போமாய்க்குக் கோபம் வந்தது. அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"தம்பி, ஏன் எங்க பின்னாலயே வர்ற? முன்னால வந்து நில்லுப்பா. எல்லாரும் உன் மூஞ்சியப் பார்க்கட்டும். உங்கம்மா சந்தையில எந்த வரிசை? நான் போய்ப் பேசுறேன்."

வரிசை முழுக்கத் திரும்பியது. குடைகள் மடங்கின. செருப்புக்காரன் சிரித்துப் பார்த்தான், அவன் சிரிப்பை யாரும் வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தான். அப்போது போமாய்க்கு அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. வேகமாகத் திரும்பினான். அவன் திரும்பினால் பையும் திரும்பும் என்பது அவனுக்குப் புதுசு. அரிசி, எண்ணெய், மீன், பெரியதாகப் பொறுக்கிய கிழங்கு எல்லாம் ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்து ஆளை இடுப்பில் அடித்தது. ஆள் சாக்கடைக்குள் உட்கார்ந்தான்.

போமாய் சுற்றி முடித்துத் தடுமாறி நின்றபோது எதிரில் யாரும் இல்லை.

"எங்க அவன்?" என்றான்.

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. சாக்கடையிலிருந்து எழுந்தவன் லோனியாவைப் பார்த்து, மன்னிச்சுக்கங்கம்மா என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு போனான். இந்த மாதிரி வீட்டுக்காரரை எங்க புடிச்ச என்று ஒருத்தி கேட்டாள். பஸ்ஸில் போமாய்க்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மூன்று பெண்கள் சேர்ந்து பையை இறக்கினார்கள். நெற்றியில் பட்டை பதிந்து சிவந்திருந்தது. லோனியா தன் நெற்றியைத் தடவிக்கொண்டாள். அங்கேயும் அந்தத் தடம் உண்டு. அவளுடையது போகாது.

இறங்கியதும் மறுபடி ஏற்றிக்கொண்டான். குடியிருப்புக்குத் திரும்புகிற முனையில் லோனியா நின்றாள். அந்தப் பக்கம் மாமரத்தடியில் ஆண்கள் பலகையில் அம்பு எறிந்து விளையாடும் சத்தம் கேட்டது. எல்லோரும் மலைக்காரர்கள். எல்லோரும் வெறுங்கையோடு முன்னால் நடப்பவர்கள்.

அவள் மென்மையாகப் பேசுகிறவள் இல்லை. ஆனால் அப்போது மெதுவாகத்தான் சொன்னாள். இங்கேயிருந்து கூப்பிடு தூரம்தான், நான் தூக்கிக்கொள்கிறேன். நீ முன்னால் நட. திருடனை அடித்ததை மட்டும் சொல்லிக்கொள், பையைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

போமாய் குனிந்த தலையோடு அவள் கால்களைப் பார்த்தான். மாமரத்தடிச் சிரிப்பைக் கேட்டான். கழுத்து எரிந்தது. அவள் கழுத்து எத்தனை வருஷமாக எரிந்திருக்கும் என்று நினைத்தான்.

"பையக் குடு" என்றாள் லோனியா.

அவன் கொடுக்கவில்லை. பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தான்.

கேட்டவளும் கையை நீட்டியிருக்கவில்லை.