நறுமலர் நகரில் நாற்றம் நின்ற வரலாறு

பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் நிகழ்த்திய கண்டுபிடிப்புகளில் தலையாயது கொடுங்கையூரில், நறுமலர் நகரில் நிகழ்ந்தது. மற்ற நாடுகள் ஆய்வுக்கூடம் கட்டின, எலிகளை வதைத்தன. எங்களுக்கு அந்தச் செலவெல்லாம் இல்லை. பதினான்கு மூக்குகளும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதுமானதாக இருந்தன. நோட்டு என்னுடையது. எனவே இதைப் பதிவு செய்யும் 'பெருமை'யும் எனக்கே வந்து சேர்ந்தது.

முதலில் நோட்டைப் பற்றி. எங்கள் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் மாநகரத்தின் குப்பை மேடு தெரியும். பார்க்காவிட்டாலும் தெரியும். நாற்றம் தாங்காமல் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டது. 'ஆதாரம் எங்கே?' என்று பதில் வந்தது. பகலில் டோல்கேட் பக்கம் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்து, மாலைக் கல்லூரியில் புள்ளியியல் படிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், சங்கம் என்னை 'நாற்றப் பதிவாளர்' ஆக்கியது. தினம் மூன்று வேளை. தேதி, நேரம், காற்றின் திசை, நாற்றத்தின் அளவு பூஜ்யம் முதல் பத்து வரை. எதையும் இரண்டு முறை சரிபார்த்துத்தான் எழுதுவேன். எழுதிய பிறகும் சந்தேகமாக இருக்கும். அடித்துவிட்டு அதையே மறுபடி எழுதுவேன்.

2021, மே பதினொன்று, காலை ஏழு மணி. காற்று மேட்டிலிருந்து எங்கள் பக்கம். நாற்றம்: பூஜ்யம்.

கடிகாரத்தைச் சந்தேகித்தேன். மாடிக்குப் போய், கொடியில் கிடந்த லுங்கி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்றைச் சந்தேகித்தேன். என் நேர்மையைக்கூடச் சந்தேகித்தேன். சந்தேகிக்காமல் விட்டது மூக்கை மட்டும்தான். பிறகு முறைப்படி சங்க உறுப்பினர்கள் எல்லோரையும் விசாரித்தேன். என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். பதினான்கும் பூஜ்யம். இவ்வளவு சுத்தமான புள்ளிவிவரத்தை எங்கள் பேராசிரியர் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அன்றே அவசரக் கூட்டம். சங்கத் தலைவர் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் அரிசி குடோனில், ஊரடங்கை மதித்து, ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தது. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக முகக்கவசங்கள் தாடைக்கு இறக்கப்பட்டன. உறுப்பினர்கள் அவ்வப்போது இருமி ஒப்புதல் தெரிவித்தார்கள்.

'தகவல் செயலாளர்' பெனிட்டோ, துறைமுகத்தில் குமாஸ்தா. வாட்ஸப்பில் நாளொன்றுக்கு இருநூறு உண்மைகளை விநியோகிப்பவர். செல்போனைப் பார்த்து வாசித்தார்:

"ஜெர்மன் டாக்டர் சொல்கிறார். கொரோனா கிருமி நாற்றத்தில்தான் உயிர் வாழும். நாற்றம் நின்றால் கிருமி செத்துவிட்டது என்று பொருள். இதை மறைக்கிறார்கள். இருபது பேருக்கு அனுப்பவும்."

"எந்த ஜெர்மன் டாக்டர்?" என்று கேட்டேன். பதிவுக்குத் தேவை.

"பேரைப் போட்டா கொன்னுடுவாங்கல்ல?"

'பாதுகாப்புக் கருதிப் பெயர் மறைக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் இருந்த திருமலை அண்ணன், ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தபடி கேட்டார். "அப்போ இருந்த நாத்தம் எங்க பூட்ச்சு?"

"புதுசா வச்ச டவர் இழுத்துடுச்சு," என்றார் பெனிட்டோ.

"டவரு நாத்தத்த இழுக்குமா மாமு?"

"சிக்னலையே இழுக்குது. நாத்தத்தை இழுக்காதா?"

அண்ணாச்சி கனைத்தார். "தம்பி, எழுதிக்கோ. தீர்மானம் ஒண்ணு. நறுமலர் நகர் கொரோனா இல்லாத நகர்."

கைதட்டல் ஓயுமுன் ஷட்டர் அரையடி உயர்ந்தது. குனிந்து உள்ளே வந்தவர் பவானி அக்கா, திருமலை அண்ணனின் மனைவி. இருபது வருடமாக மீன் விற்பவர். செவுளைப் பிரித்து ஒருமுறை முகர்ந்தால், மீன் எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார்.

"இன்னாத்துக்குக் கை தட்டிகினு கீறீங்க? வெளிய கொடலப் புடுங்குது நாத்தம்!"

"ஒனக்கு மட்டும் நாறுதா?" என்றார் அண்ணன்.

"உங்க அல்லாருக்கும் மூக்கு பூட்ச்சுய்யா. அதான் அந்த வியாதி. வா, டெஸ்ட் எடுத்துனு வரலாம்."

"மீன் விக்கிறவங்க நாத்தத்தைப் பத்திப் பேசுறாங்க!" என்றார் பெனிட்டோ. சபை சிரித்தது, இருமியது, மீண்டும் சிரித்தது.

"மீன் விக்கிறவளுக்குத்தான்யா மூக்கு வோணும். ஃபோன நோண்டிகினு கீறவனுக்கு இன்னாத்துக்கு?"

தீர்மானம் இரண்டு: பவானி என்பவர் மருந்துக் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு வதந்தி பரப்புவதால் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கப்படுகிறார். வதந்தி விஷயத்தில் எங்கள் சங்கம் எப்போதுமே கண்டிப்பானது.

மூன்றாம் நாள் திருமலை அண்ணனுக்குக் காய்ச்சல். பவானி அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மூச்சு எரைக்குது நைனா. ஆஸ்பத்திரிக்கு வர்லங்குறான். நீ சொன்னா கேப்பான். நோட்டு தப்புன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு."

போனேன். பாயில் படுத்திருந்த அண்ணன் தலையைத் தூக்கினார். "தீபா, நீ படிச்சவன். இன்னிக்கு இன்னா நம்பரு?"

"பூஜ்யம்ணா."

"பாத்தியா?" என்று மனைவியிடம் வெற்றியோடு சிரித்தார். சிரிப்பை முடிக்க மூச்சு போதவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. நான்கு நாள் தவறாமல் போய் உண்மையையே சொன்னேன். நான்கு நாளும் அவர் வீட்டிலேயே இருந்தார். ஐந்தாம் நாள் மறுத்துப் பேச அவருக்குத் தெம்பில்லை. பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, அக்கா அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். நான்கு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அண்ணன் இறந்தார்.

மே இருபத்திரண்டு, அதே குடோனில் இரங்கல் கூட்டம். அன்று காலை எனக்கு மூக்கு திரும்பியிருந்தது. நாற்றம்: எட்டு. நம்பிக்கையில்லாமல் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.

அண்ணாச்சி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுசன். இங்கன சுத்தமான காத்துல கெடந்திருந்தா பொழச்சிருப்பாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயி அந்தப் பொம்பளதான் கெடுத்துட்டா."

தீர்மானம் மூன்று: தூய காற்றிலிருந்து மனைவி அப்புறப்படுத்தியதே மரணத்துக்குக் காரணம். ஆதாரம்: நாற்றப் பதிவேடு. பதிவாளர் கையெழுத்திட வேண்டும்.

பவானி அக்கா அங்கேதான் நின்றிருந்தார்.

"உங்க குரூப்ல வந்ததக் காட்டி, நாந்தான் கொன்னுட்டேன்னு சொல்றாங்க மாமியா வூட்ல. புள்ளைங்கள அனுப்ப மாட்டேங்குறாங்க. தீபா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னிக்கு நாறுதா, இல்லியா?"

எல்லா மூக்குகளும் என் பக்கம் திரும்பின. முறைப்படி யோசித்தேன். பதினான்கில் ஒரு மூக்கு இறந்துவிட்டது. மீதியில் பன்னிரண்டு பூஜ்யம் என்கின்றன. ஒரே ஓர் அளவு மட்டும் மற்றவற்றிலிருந்து இவ்வளவு விலகினால், அதைப் பிழையென்று ஒதுக்கலாம், பாடத்தில் இருக்கிறது. ரப்பரை எடுத்து எட்டை அழித்தேன்.

"பூஜ்யம்க்கா."

அவர் அழவில்லை. "கையெழுத்துப் போடு தம்பி. தேதியும் போடு," என்றார். குனிந்து வெளியே போனார்.

போட்டேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒவ்வொருவராக என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பிறகு கடமை தவறாமல் மாலை அளவை எடுத்தேன். மணி ஐந்து. கடற்காற்று எங்கள் பக்கமிருந்து மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு ஷட்டரையும் இறக்கினேன். அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தேன், நல்ல அரிசி. இரண்டு முறை சரிபார்த்தேன். நாற்றம்: பத்து.

குடோனில் அப்போது இருந்தது நான் ஒருவன்தான்.