மகளின் எலிகளுக்காக ஒரு காணிக்கைக் கவர்

பாசமுள்ள மகள் பிளஸ்ஸிக்கு, இராஜாக்கமங்கலத்திலிருந்து உன் அப்பா ரசலையன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் கோழிகளும் சுகம். பெங்களூரில் நீயும் உன் எலிகளும் சுகமாயிருக்க எங்கள் ஜெபம்.

ஜெபம் என்றதும் என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கண்ணைப் பிடித்த நோய்க்கு வழி தேடி நீ வளர்க்கிற எலிகள் குட்டி போடாமல் ஆராய்ச்சி அப்படியே நிற்கிறது என்று போனில் அழுதாயே, அது மனசிலேயே கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவரின் மேல் "மகளின் எலிகள் நல்லபடியாகக் குட்டி போட" என்று எழுதிப் போட்டுவிட்டேன். போதகர் தனியாக ஜெபிப்பார் என்று பார்த்தால், காலேஜ் சீட், விசா, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்து, அதே மூச்சில் இதையும் மைக்கில் வாசித்துவிட்டார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு பழக்கதோஷத்தில் எல்லாரும் "ஆமென்" என்றார்கள். உன் எலிகளுக்கு இனி குட்டி போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மறுநாள் முட்டத்திலிருந்து ததேயுஸ் மாமா நம் கடைக்கு எலிப்பொறி வாங்க வந்தார். மீன்வலையை எலி கடிக்கிறதாம்.

"ஏம்வே, கோயில்ல எலிக்கு ஜெபம், கடையில எலிக்குப் பொறி. நீரு எந்தப் பக்கம்வே?"

விடுவேனா? "உம்ம வள்ளத்து எஞ்சின்ல ஒரு போல்ட்டக் கழத்திட்டு ஓட்டிப் பாத்தா, அது எதுக்குன்னு தெரியுமில்லா? அதுமாரி பிள்ளை எலிக்க ஒரு ஜீனக் கழத்திப் பாக்கா. எங்க வீட்டுக்காரி ராகேலுக்குக் கெட்டுப்போன அதே ஜீனுதாம்" என்று நீ சொல்லித் தந்ததை அவிழ்த்துவிட்டேன்.

மாமா பொறியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப அடிக்குத பொறி வேண்டாம், கூண்டு தாரும். உயிரோட பிடிச்சுத் தாரேன், பிள்ளைக்குப் பார்சல் போடும்." பார்சலில் எது வந்தாலும் பயப்படாதே.

அன்று சாயங்காலமே குலசேகரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் சிஜின், துபாயில் வேலை, நல்ல உயரம். அவன் அப்பா "மோளுக்கு என்ன ஜோலி?" என்று கேட்க, எலி என்று வாய்வரை வந்ததை விழுங்கி "டாக்டர்" என்றேன். உடனே மனுஷன் சட்டையைக் கழற்றாத குறையாகத் தோள்பட்டை வலியைக் காட்டத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் "எலிக்க டாக்டர்" என்று திருத்தினேன். வாயருகே போன முந்திரிக்கொத்து தட்டுக்கே திரும்பிவிட்டது. போகும்போது, "ஈஸ்டருக்குள்ள அந்த ஜோலிய விட்டுட்டு வருவாளா?" என்றார். வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே மக்கா, எலிகளை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு சீக்கிரம் வந்துவிடு. அப்பா உறுதியாகத்தான் சொல்லுகிறேன்.

ஆண்டவர் உனக்குத் துணையாக இருக்கட்டும். உன் ரூம் பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல். பார்சலில் நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கிறது, எலிக்குப் போடாதே.

அன்புள்ள அப்பா,
ரசலையன்

பின்குறிப்பு: இப்போது அம்மாவுக்கு எழுத்து பிடிபடுவதில்லை என்பதால் மேலே உள்ளதை வாசித்துக் காட்டினேன். "பாதியில விட்டுட்டு வரச் சொல்லி எழுத உங்களுக்குக் கை வந்துதா? எனக்குப் பாக்க முடியாட்டா போட்டும், இனி வாரவங்களுக்கு முடியுமுல்லா! அந்த ஆளுக்குப் போனப் போட்டு வேண்டாம்னு சொல்லுங்கோ" என்று சத்தம் போட்டாள். சொல்லிவிட்டேன். நான் எழுதியதையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள். எலிகளை விடாதே.

ஆனால் ரெண்டு நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போ, மக்கா. பகல் வெளிச்சத்தில் அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார். பக்கவாட்டில் இருந்தால் தெரியாது. அடுத்த வருஷம் முகமே தெரியாது என்று கண் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மாப்பிள்ளை, ஈஸ்டர் என்றெல்லாம் சொல்லி உன்னை வரச் சொன்னது இதை எழுத முடியாமல்தான். இந்த வரிகளை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.